காய்க்காத பூசணி

“எங்கப்பா மண்வெட்டி பிடிச்சாரு, நானும் பிடிச்சேன். பேரப்பிள்ளையும் அதையேதான் பிடிக்கணுமாம்மா?”

போன வருடம் எங்கள் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தாத்தா எழுந்து கேட்டது இது. கட்டடத்துக்குப் பின்னால் லாலாங் புல் மண்டிக் கிடக்கும் நிலத்தில் பிள்ளைகளை வைத்துத் தோட்டம் போடலாமே என்று நான்தான் வாயைக் கொடுத்திருந்தேன். எதிர்ப்பு வரும் என்று தெரியும். பணம், பாம்பு, கொசு என்று கேட்பார்கள் என நினைத்து அத்தனைக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

குளுவாங் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி எங்களுடையது. ஜொகூரின் பல தமிழ்ப்பள்ளிகளைப் போலத்தான்: எஸ்டேட்டில் பிறந்து, எஸ்டேட் கைமாறி, ஆட்கள் தாமான்களுக்குக் குடிபோய், பெயரில் மட்டும் ‘லாடாங்’ ஒட்டிக்கொண்டிருக்கும் பள்ளி. இங்கே தோட்டம் என்ற சொல்லுக்கே இரண்டு அர்த்தம். ஒன்று, பூச்செடியும் காய்கறியும். இன்னொன்று, விடியுமுன் பெரட்டு, பால்வாளி, லயம், கங்காணி. தாத்தாவின் காதில் விழுந்தது இரண்டாவது.

அவர் பயத்தை லேசாகத் தள்ளிவிடவும் முடியாது. வின்ஸ்டெட் என்ற ஆங்கிலேய அதிகாரி 1917-இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து மலாயாவின் மலாய்ப் பள்ளிகளில் கூடை முடைவதும் தோட்டவேலையும் பாடமாக நுழைந்தன. கிராமத்துப் பிள்ளையைக் கிராமத்திலேயே கட்டிப்போடும் கல்வி என்று பின்னாளில் பலர் அதைக் கண்டித்திருக்கிறார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் அதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. வாசலைத் தாண்டினால் பால்மரம். ஆக, ‘செடி நடச் சொல்லிக் கொடுக்கிறோம்’ என்று யாராவது வந்து நின்றால் பழைய ஆட்களுக்கு வயிறு கலங்கத்தான் செய்யும்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பள்ளித் தோட்டம் என்ற பேரில் நான் பல இடங்களில் பார்த்தது எதுவுமே தோட்டமில்லை. சாயம் பூசிய டயர், சிமெண்டுக் காளான், பிளாஸ்டிக் கொக்கு, தண்ணீரில்லாத நீரூற்று. போட்டிக்கு நடுவர்கள் வரும் வாரத்தில் நர்சரியிலிருந்து தொட்டிகள் இறங்கும். ‘புல்லை மிதிக்காதீர்’ என்ற பலகை முளைக்கும். பிள்ளைகள் கைகட்டி ஓரமாக நடப்பார்கள். பரிசு வாங்கிய மறுமாதம் தொட்டியெல்லாம் காய்ந்து கிடக்கும். நான் ஆரம்பப்பள்ளியில் படித்தபோதோ இந்த வம்பே இல்லை. ஈரப்பஞ்சில் பச்சைப்பயறு முளைத்ததும் தாவரவியல் முடிந்துவிட்டது.

ஆனாலும் விடவில்லை. அறிவியல் ஆசிரியை ஒருவர் என் பக்கம் நின்றார். 2021-இல் யுபிஎஸ்ஆர் தேர்வை ரத்துசெய்த பிறகு மேல்வகுப்புகளுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கிறது, பாடப்புத்தகத்தில் ‘அறிவியல் செயற்பாங்குத் திறன்’ என்று உற்றறிதல், ஊகித்தல், கருதுகோள் உருவாக்குதல் எல்லாம் வரிசையாக இருக்கிறது, அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டே எனக்கு அலுத்துவிட்டது என்றார். ஒரு சனிக்கிழமை கோத்தோங் ரோயோங் போட்டு லாலாங்கை வெட்டினோம். பன்னிரண்டடிக்கு இருபதடி. கறிவேப்பிலை, காராமணி, கங்கோங், வேலியோரம் சங்குப்பூ, நடுவில் நான்கு பூசணிக்கொடி. கோப்பிக்கடையில் வாளி வாளியாகக் காப்பிச் சக்கை வாங்கி வந்து மட்கவைத்தோம். குளுவாங்கில் காப்பிச் சக்கைக்கா பஞ்சம்?

முதல் பாடம் நாங்கள் நினைத்த பாடமில்லை. தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் கொசுப்புழு நெளிந்தது. ஏடிஸ் கொசு ஒரு மூடித் தண்ணீரிலும் முட்டையிடும் என்று சுவரொட்டியில் படித்த பிள்ளைகள், அன்றுதான் அதைக் கண்ணால் பார்த்தார்கள். ஒரு பையன் எண்ணி முடித்து ‘நாற்பத்தேழு’ என்றான். சரிபார்க்க இன்னொருவன் எண்ணினான், ‘ஐம்பத்திரண்டு’ என்றான். சண்டை. அளவெடுத்தலில் பிழை என்பது எப்படி வரும் என்று ஆசிரியை அங்கேயே நடத்தி முடித்துவிட்டார். பிறகு தட்டுகள் அத்தனையும் குப்பைக்குப் போயின.

பூசணிக்கு வருகிறேன்.

கொடி அமோகமாகப் படர்ந்தது. மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. ஒரு காய்கூட நிற்கவில்லை. “டீச்சர், இது பொய்ப் பூசணியா?” என்று கேட்டாள் ஐந்தாம் ஆண்டுப் பெண்ணொருத்தி. பூக்களைப் பறித்து வரிசையாக வைத்துப் பார்க்கச் சொன்னோம். எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. நீளக் காம்பு, நடுவில் மஞ்சள் பொடி. அத்தனையும் ஆண் பூக்கள். பூசணியில் முதலில் ஆண் பூக்கள்தான் வரும். ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் அடியில் கோலிக்குண்டு போலச் சின்னக் காயோடு பெண் பூ தலைகாட்டும். அதுவும் வந்தது. வந்த வேகத்தில் அந்தக் குண்டுகள் மஞ்சளடித்து உதிர்ந்தன.

இப்போதுதான் கருதுகோள் என்ற சொல் உயிர்பெற்றது. தண்ணீர் போதவில்லை என்றான் ஒருவன். உரம் என்றாள் ஒருத்தி. தாமானில் டிங்கிக்குப் புகையடித்ததில் தேனீ செத்திருக்கும் என்றாள் இன்னொருத்தி. அவளுக்குத்தான் என் ஓட்டு. ஆனால் ஓட்டுப் போட்டு முடிவெடுக்கிற சமாசாரமில்லையே இது. கொசுவலைத் துணியில் சின்னச் சின்னப் பைகள் தைத்தோம். மறுநாள் விரியப்போகும் பெண் மொட்டுகளுக்கு முதல்நாள் மாலையே பை மாட்டினோம். காலையில் சிலவற்றுக்கு மட்டும் பையைக் கழற்றி, ஆண் பூவைப் பறித்துத் தடவிவிட்டு மறுபடி கட்டினோம். சிலவற்றைக் கட்டியது கட்டியபடியே விட்டோம். சிலவற்றுக்குப் பையே மாட்டவில்லை. பூசணிப்பூ விடியலில் விரிந்து, பசியாறும் நேரம் தாண்டினால் சுருங்கத் தொடங்கிவிடும் என்பதால் எல்லாம் முதல் மணிக்குள் முடியவேண்டும். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் இதற்காகவே சீக்கிரம் வந்தார்கள், நம்புவீர்களா? தற்சார்பு மாறி எது, சார்பு மாறி எது, கட்டுப்படுத்தப்பட்ட மாறி எது என்று கேட்டால் இப்போது அவர்கள் பூவைக் காட்டித்தான் சொல்கிறார்கள்.

ஒரு மாதத்தில் பன்னிரண்டு பூ. பை கட்டி மகரந்தம் தொடாத நான்கும் அழுகின. சும்மா விட்ட நான்கில் ஒன்று பிடித்தது. கையால் தடவிய நான்கில் மூன்று காயாகின. நான்காவதை ஆப்பிரிக்க நத்தை தின்றுவிட்டது. நான் பெருமையில் பூரித்து நிற்க, ஒரு பொடியன் சொன்னான்: “நாலு நாலு பூ வச்சு எப்படி டீச்சர் சொல்றது? அடுத்த தடவை நாப்பது வைக்கணும்.” அவனைத்தான் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அன்று இரவு வீட்டில் இதைச் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: “பூசணிக்கே இந்த ஆர்ப்பாட்டமா? நாங்க செம்பனைக்கே பவுடர் போட்டவங்கடி.”

எனக்குப் புரியவில்லை. பிறகு உட்கார்ந்து கேட்டேன். எழுபதுகளின் கடைசியில் எஸ்டேட்டில் பெண்களுக்குக் கொடுத்த வேலைகளில் அதுவும் ஒன்றாம். ஆண் பாளையிலிருந்து எடுத்த மகரந்தத்தை டால்கம் பவுடரில் கலந்து, பீய்ச்சுகிற குப்பியில் அடைத்துக்கொண்டு, மரம் மரமாகப் போய்ப் பெண் பாளையில் அடிக்க வேண்டும். முள், பாம்பு, வெயில். வீட்டுக்கு வரும்போது தலையெல்லாம் வெள்ளை.

“எதுக்கும்மா அடிச்சீங்க?”

“அடிக்கச் சொன்னாங்க, அடிச்சோம். எதுக்குன்னு யாரு சொன்னா?”

எதுக்கு என்பதை நான் பிறகு தேடிப் படித்தேன். நடந்தது எங்கள் குளுவாங்கிலேயே என்று தெரிந்தபோது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. செம்பனை மேற்கு ஆப்பிரிக்க மரம். 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு நான்கு கன்றுகள் வந்தன. இந்தப் பக்கத்துச் செம்பனைக்கு அதுதான் மூலம். மலாயாவில் முதலில் அழகுக்கு வளர்த்தார்கள், 1917-இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வணிகப் பயிரானது. மரம் கடல் தாண்டி வந்தது. அதன் பூவுக்குப் பழகிய பூச்சி வரவில்லை. செம்பனைக்குக் காற்றே மகரந்தம் சேர்க்கிறது என்றுதான் நெடுநாள் எல்லோரும் நம்பினார்கள். காய்ப்புப் போதாத இடங்களில் அம்மா போன்றவர்களின் கையில் குப்பி ஏறியது.

யூனிலீவர் நிறுவனம் ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞரை இதை ஆராய அனுப்பியது. பாகிஸ்தான்காரர். அவர் கேமரூனுக்குப் போய் அங்குள்ள செம்பனைப் பூக்களைக் கவனித்தார். மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள கூன்வண்டுகள் ஆண் பாளையில் மொய்த்துக் கிடந்தன. வேலையைச் செய்வது காற்றில்லை, இந்த வண்டுகள்தான் என்று காட்டினார். 1979-இல் ஆய்வு வெளிவந்தது. அவற்றில் ஒரு வகையைத் தேர்ந்தெடுத்து, வேறு பயிர்களைத் தின்னுமா என்று சோதித்துப் பார்த்த பிறகு, 1981 பிப்ரவரியில் குளுவாங்கின் மாமோர் தோட்டத்தில் பறக்கவிட்டார்கள். நாட்டிலேயே முதல் இடம் அது. அடுத்த மாதம் சபாவில். கொஞ்ச காலத்திலேயே வண்டு எங்கும் பரவியது, குலைகள் கனத்தன, பவுடர் குப்பி மூலைக்குப் போனது. இதைச் சொன்னபோது அம்மா, “அதான் திடீர்னு அந்த வேலையை நிறுத்திட்டாங்களா?” என்றார். நாற்பது வருடம் கழித்துக் கிடைத்த விளக்கம். அப்புறம் உதிரிப்பழம் பொறுக்க அனுப்பினார்களாம். குலை கனத்தால் உதிரியும் அதிகம், இடுப்பு ஒடிந்தது என்றார். வண்டு வந்ததால் எல்லோருக்கும் எல்லாம் நன்மையாக முடிந்தது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அம்மாவைப் பள்ளிக்கு அழைத்துப் போனேன். பக்கத்துச் சிறுதோட்டக்காரர் ஒருவர் அனுமதி தர, ஐந்தாம் ஆண்டு வகுப்பே செம்பனையடியில் கூடியது. பூத்த ஆண் பாளையில் ஒரு கிளையை வெட்டி மூக்கருகே கொண்டுபோகச் சொன்னோம். முகம் சுளிப்பார்கள் என்று பார்த்தால், “டீச்சர், சோம்பு வாசம்!” என்று ஒரே கூச்சல். உண்மைதான், செம்பனைப் பூவுக்குச் சோம்பு மணம். அதை மோப்பம் பிடித்துத்தான் வண்டு வருகிறது. ஆண் பூவில் தின்று, முட்டையிட்டு, குடும்பமே நடத்துகிறது. பெண் பூவும் கொஞ்ச நேரம் அதே வாசத்தை விடும். ஏமாந்து போய் எட்டிப் பார்க்கும் வண்டு, ஒன்றும் இல்லையென்று திரும்பும்போது உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை விட்டுவிட்டுப் போகிறது. வெள்ளைத்தாளில் கிளையை உதறியதும் பழுப்பு வண்டுகள் கடுகு சிதறினாற்போல ஓடின. அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தார். “இம்மாத்தூண்டு” என்றார். அவ்வளவுதான்.

அந்தத் தாத்தாவுக்கு நான் சொல்ல நினைக்கும் பதில் இதில் எங்கேயோ இருக்கிறது. அம்மா செய்ததும், இந்தப் பள்ளியில் படிக்கும் என் மகள் பூசணியில் செய்ததும் ஒரே வேலை. எதுக்கு என்று கேட்க இவளுக்கு இடமிருந்தது, அம்மாவுக்கு இல்லை. ஆனால் இதைத் தாத்தாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. பேரனை அழைத்துப்போக வரும்போது வேலிக்கு வெளியேதான் நிற்கிறார். “பயிருக்கு அணைப்பு மண்ணு பத்தல” என்று ஒருநாள் சொன்னார். மற்றபடி உள்ளே வருவதில்லை. வரச்சொல்லி நானும் வற்புறுத்தவில்லை.

மண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. கருங்கல் சிதைந்து உண்டான, தீபகற்பம் எங்கும் கிடக்கும் மஞ்சள் பழுப்பு மண்ணுக்கு மண்ணியலாளர்கள் வைத்த பெயர் ‘ரெங்கம் வகை’. எரிமலைப் பாறையிலிருந்து வந்த செம்மண் வகையொன்றுக்கு ‘சிகாமட்’. பக்கத்து ஊர் ரெங்கம் அறிவியல் நூலில் இருக்கிறது என்றதும் ரெங்கத்தில் தாத்தா பாட்டி உள்ள பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு அப்பா பொந்தியானிலிருந்து கரி மண் கொண்டுவந்தார். அன்னாசி விளையும் அந்தச் சதுப்பு மண் கடும் புளிப்பு. சங்குப்பூவை ஊறவைத்த நீலத் தண்ணீரை அதன் சாற்றில் விட்டால் ஊதாவாகிறது, எலுமிச்சை பிழிந்தாற்போல. காயவைத்த அதே கரி மண்ணில் தண்ணீர் ஊற்றினால் உருண்டு ஓடுகிறது, உள்ளே இறங்க மறுக்கிறது. காய்ந்த சதுப்பில் தீப்பிடித்தால் ஏன் இலேசில் அணைவதில்லை என்பதைத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

மார்ச் கடைசி வாரத்தில் தோட்டத்தின் நடுவில் ஒரு குச்சி நட்டு நிழலை அளந்தோம். குளுவாங் நிலநடுக்கோட்டுக்கு இரண்டு பாகை வடக்கே இருப்பதால் அந்த நாள்களில் உச்சிவெயில் சரியாகத் தலைக்கு மேல். நிழல் குச்சியின் காலடியிலேயே ஒடுங்கிவிடும். ஆனால் அது பன்னிரண்டு மணிக்கு நடக்கவில்லை. ஒன்று பதிமூன்று! கடிகாரம் கெட்டுவிட்டது என்றார்கள். அதில் அரைமணிக்குக் காரணமான, 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்பத்தின் நேரத்தை அரைமணி முன்னால் தள்ளிய கதையை அங்கே சொன்னோம்.

கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தது; இரண்டு நாளில் அது நகர்ந்தது. பச்சையாகிப் பருத்தது. தொட்டால் தலையிலிருந்து ஆரஞ்சு நிறக் கொம்பை நீட்டி நாற்றமடித்தது. செடி மொட்டை. மருந்தடித்துவிடலாமே என்றார் ஒரு நல்ல மனிதர். பிள்ளைகள் விடவில்லை, இரண்டு செடியில் ஒன்று புழுவுக்கு, ஒன்று சாம்பாருக்கு என்று பங்கு பிரித்துவிட்டார்கள். அந்தப் பேச்சிலிருந்து, அடித்த மருந்து மழையில் எங்கே போகும் என்ற கேள்வி வந்தது. காகிதக் கப்பலை வடிகாலில் விட்டுப் பின்னாலேயே வேலிவரை ஓடினார்கள். அதற்கு மேல் வரைபடத்தில் விரலால் தொடர்ந்தால் மெங்கிபோல் ஆறு. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய இரசாயனக் கழிவால் 111 பள்ளிகளை மூட வேண்டிவந்ததை இவர்களில் மூத்தவர்கள் மங்கலாக நினைவு வைத்திருக்கிறார்கள். உறவுக்காரப் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். பனிக்கரடி படம் போட்ட சுவரொட்டியைவிட அந்த வடிகால் எங்களுக்குக் கிட்டம்.

இஸ்கண்டார் மலேசியா பகுதிப் பள்ளிகளில் 2013 முதல் ‘எக்கோ லைஃப் சேலஞ்ச்’ என்று பிள்ளைகள் வீட்டு மின்சாரமும் குப்பையும் கணக்கெழுதுகிறார்கள், ஜப்பானின் கியோத்தோவைப் பார்த்துச் செய்தது. அந்த நோட்டுப்புத்தக யோசனையை நாங்களும் திருடிக்கொண்டோம். எங்கள் நோட்டில் ஒரே ஒரு விதி: பதிலை எழுதக்கூடாது, கேள்வியை மட்டும் எழுதவேண்டும்.

எல்லாம் இனிப்பாக நடந்ததாக நினைக்காதீர்கள். ஆசிரியைக்கு ஒரு மணிநேரத் தோட்டத்துக்கு இரண்டு மணிநேர அறிக்கை, அதற்குப் படங்கள் வேறு. ஜொகூரில் 2014-இலிருந்து வெள்ளி, சனி விடுமுறையாக இருந்து 2025 முதல் நாளில் சனி, ஞாயிறுக்கு மாறியதா, தண்ணீர் ஊற்றும் முறைப்பட்டியலில் பழைய பழக்கத்தில் இருந்த பெற்றோர் ஒரு மாதம் குழம்பினார்கள். வருடக் கடைசி விடுமுறையில் மழை பிடித்துக்கொண்டது. திரும்பி வந்து பார்த்தால் பாத்தியைக் காணோம், லாலாங் மட்டும். மறுபடி முதலிலிருந்து.

இப்போது நோட்டில் இருக்கும் கடைசிக் கேள்வியைச் சொல்லி முடிக்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சீனத் தவுக்கேயின் டுரியான் மரம். இந்த வாரம் காலையில் வந்தால் தரையெல்லாம் வெள்ளை இதழ். “இது எப்போ பூத்துச்சு? நாம பார்க்கவே இல்லையே” என்று எழுதியிருக்கிறாள் ஒரு நான்காம் ஆண்டுக்காரி. டுரியான் மாலையில் விரிந்து இரவிலேயே கொட்டிவிடும், வருவது வௌவால். மெர்சிங்கிலிருந்து படகேறிப் போகும் தியோமான் தீவில் கேமரா வைத்துப் பார்த்து, பெரிய பழந்தின்னி வௌவாலும் டுரியானுக்கு மகரந்தம் சேர்க்கிறது, பூவை நாசம் செய்வதில்லை என்று 2017-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த வௌவாலுக்கு மலாயில் கெலுவாங். அதுதான் எங்கள் ஊரின் பெயர். ஊரில் பிறந்து வளர்ந்தும் நான் அதை ஒரு தடவைகூடப் பூவில் பார்த்ததில்லை.

இரவு ஒன்பது மணிவரை பன்னிரண்டு பிள்ளைகளோடு பள்ளி வேலியோரம் உட்கார அனுமதி கேட்டுத் தலைமையாசிரியருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். தவுக்கே சரி என்றுவிட்டார், விளக்கு மட்டும் அடிக்கக்கூடாதாம். காவலுக்கு இருக்கும் ஜாகாவுக்குத்தான் பயம். அம்மா ஃபிளாஸ்கில் காப்பி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். கடிதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. மரம் பூப்பது இன்னும் நாலைந்து நாள்தான்.